ஜிமேட் தேர்வுக்குத் தயாராவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலக வேலையை விடாமல், மாலை நேரங்களிலும் வார இறுதிகளிலும் ஜிமேட் தேர்வுக்குப் படிக்க நினைப்பவர்களை மனத்தில் வைத்து இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். இத்தேர்வை நான் இருமுறை எழுதியிருக்கிறேன். முதல்முறை, கைக்குக் கிடைத்த கேள்விகளையெல்லாம் போட்டுப் பார்ப்பதே படிப்பு என்று நம்பி உழைத்தேன்; மதிப்பெண் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவாக வந்தது. இரண்டாம் முறை, பாதிக் கேள்விகளை மட்டும் போட்டு, தவறியவற்றை ஏன் தவறவிட்டேன் என்று ஆராய்வதில் மீதி நேரத்தைச் செலவிட்டேன். அந்த வேறுபாடுதான் கீழே உள்ள பதில்கள் பலவற்றுக்கும் அடிப்படை.

ஜிமேட் என்பது என்ன? எனக்கு அது தேவைதானா?

எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புகளில் சேர்வதற்கு உலகின் பல நாடுகளில் ஏற்கப்படும் நுழைவுத் தேர்வு அது. 1953ஆம் ஆண்டில் 9 வணிகப் பள்ளிகள் ஒன்றுகூடி, விண்ணப்பதாரர்களை ஒரே அளவுகோலால் அளக்க ஒரு பொதுத் தேர்வு வேண்டும் என்று முடிவெடுத்தன. அடுத்த ஆண்டே முதல் தேர்வு நடந்தது. ஜிமேட் என்ற பெயர் 1976இல் வந்தது. இப்போது அதை நடத்தும் அமைப்பு ஜிமேக்.

தேவையா என்ற கேள்விக்கு, நீங்கள் எந்தப் படிப்பில் சேரப் போகிறீர்கள் என்பதே விடை சொல்லும். ஐஐஎம்களின் இரண்டாண்டு முழுநேரப் படிப்பில் சேர விரும்பும் இந்திய மாணவர்களுக்கு அந்நிறுவனங்களின் கேட் (CAT) தேர்வுதான் வழி; தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்பிஏ சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் இருக்கிறது. சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்காக ஐஐஎம் அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா ஆகியவை நடத்தும் ஓராண்டுப் படிப்புகள், ஐதராபாத்திலும் மொகாலியிலும் உள்ள ஐஎஸ்பி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், பிரான்ஸிலும் சிங்கப்பூரிலும் வளாகங்கள் கொண்ட இன்சியாட் போன்றவற்றை எண்ணுபவர்களுக்கே ஜிமேட் பயன்படும். இவற்றில் பல ஜிஆர்இ தேர்வையும் ஏற்கின்றன. ஆகவே, புத்தகம் வாங்குவதற்கு முன் நான்கைந்து கல்வி நிறுவனங்களின் சேர்க்கை விதிகளை ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும். வேலையில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளில், படிக்கும் பழக்கம் விட்டுப்போகாத நிலையில், தேர்வை எழுதி வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

தேர்வின் அமைப்பு எப்படி இருக்கும்?

2023 நவம்பரில் அறிமுகமான புதிய வடிவமே இப்போது நடைமுறையில் உள்ளது. மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடங்கள். கணிதத்தைச் சோதிக்கும் குவான்ட் பகுதியில் 21 கேள்விகளும், ஆங்கில வாசிப்பையும் தர்க்கத்தையும் சோதிக்கும் வெர்பல் பகுதியில் 23 கேள்விகளும், அட்டவணை, வரைபடம், பல தரவுகளை ஒப்பிடுதல் ஆகியவற்றைச் சோதிக்கும் டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் 20 கேள்விகளும் இருக்கும். மொத்தம் 64 கேள்விகள், 2 மணி 15 நிமிடங்கள். இடையில் விரும்பினால் 10 நிமிட இடைவேளை ஒன்று எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பகுதியை முதலில் எழுதுவது என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

பழைய வடிவத்தில் இருந்த கட்டுரை எழுதுதல், வாக்கியத் திருத்தம், வடிவியல் ஆகிய மூன்றும் இப்போது இல்லை. உறவினரோ நண்பரோ கொடுத்த பழைய புத்தகத்தை வைத்துப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாக்கியத் திருத்த விதிகளை இரண்டு மாதம் மனப்பாடம் செய்துவிட்டு, அது பாடத்திட்டத்திலேயே இல்லை என்று பின்னர் தெரிந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நண்பர் 700 வாங்கினார். நான் 655 வாங்கினால் அது குறைவா?

இல்லை. பழைய தேர்வின் மதிப்பெண் 200 முதல் 800 வரை இருந்தது. எல்லா மதிப்பெண்களும் சுழியத்தில் முடிந்தன. புதிய தேர்வில் 205 முதல் 805 வரை. எல்லாம் 5இல் முடியும். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். பழைய 700க்கு நிகரானது புதிய தேர்வில் ஏறத்தாழ 645 என்பதால், உங்கள் 655 அவருடைய 700க்குச் சற்று மேலானதே. ஒப்பிட வேண்டுமானால் பெர்சன்டைலை, அதாவது தேர்வு எழுதியவர்களில் எத்தனை சதவீதத்தினர் உங்களுக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதை, ஒப்பிடுங்கள்.

மூன்று பகுதிகளும் மொத்த மதிப்பெண்ணில் சம பங்கு பெறுகின்றன. ஒவ்வொன்றும் 60 முதல் 90 வரை தனியாகவும் மதிப்பிடப்படும். குவான்ட் ஒன்றையே நம்பி மற்ற இரண்டையும் ஒதுக்கும் உத்தி இந்த அமைப்பில் எடுபடாது.

கேள்விகள் நம் விடைக்கு ஏற்ப மாறும் என்கிறார்களே?

உண்மைதான். ஒரு கேள்விக்குச் சரியாக விடையளித்தால் அடுத்தடுத்த கேள்விகளின் கடினம் கூடும், தவறினால் குறையும். எத்தனை கேள்விகள் சரி என்பதோடு, எவ்வளவு கடினமான கேள்விகளைச் சரியாகச் செய்தீர்கள் என்பதும் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது. அதனால், நன்றாகப் படித்தவருக்கும் தேர்வு எளிதாகத் தோன்றாது. நடுவில் கேள்விகள் கடினமாகிக்கொண்டே போகின்றன என்றால் அது பெரும்பாலும் நல்ல அறிகுறி. அதே சமயம், எளிய கேள்வி ஒன்று வந்துவிட்டதே, நாம் தவறிவிட்டோமோ என்று தேர்வுக்கு நடுவில் ஆராய்ச்சி செய்வது வீண். எது கடினம், எது எளிது என்று உங்கள் மனம் நினைப்பதும் தேர்வு நடத்துபவர்கள் கணித்திருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

முதல் சில கேள்விகளே தலைவிதியைத் தீர்மானிக்கும் என்று நம்பி, அவற்றுக்கு நான்கு, ஐந்து நிமிடங்கள் கொடுப்பவர்கள் உண்டு. அந்த நேரத்துக்கான விலையைக் கடைசியில் கொடுக்க நேரும். கேள்விகளை முடிக்காமல் விட்டால் மதிப்பெண் கடுமையாகக் குறையும் என்பதை நினைவில் வையுங்கள். தெரியாவிட்டாலும் எல்லாக் கேள்விகளுக்கும் ஏதேனும் ஒரு விடையைக் குறித்தே ஆக வேண்டும்.

பொறியியல் படித்தவன் நான். குவான்ட் பகுதிக்குத் தனியாகப் படிக்க வேண்டுமா?

கட்டாயம் படிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து இத்தேர்வு எழுதும் பொறியாளர்கள் பலரிடம் நான் கண்ட குறை இதுதான்: பாடம் பள்ளி அளவிலான எண்கணிதமும் இயற்கணிதமும்தான் என்பதால் அலட்சியம் வந்துவிடுகிறது. கேள்விகள் கணக்கைச் சோதிப்பதைவிடக் கவனத்தையே அதிகம் சோதிக்கின்றன. 80 ரூபாய்க்கு வாங்கிய பொருளை 100 ரூபாய்க்கு விற்றால் லாபம் எத்தனை சதவீதம்? வாங்கிய விலையின் மீது 25. அவசரத்தில் விற்ற விலையின் மீது கணக்கிட்டால் 20. விடைத் தேர்வுகளில் 25உம் இருக்கும், 20உம் இருக்கும். ஒவ்வொரு தவறான விடையும், யாரோ ஒருவர் செய்யக்கூடிய ஒரு தவற்றை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து வைக்கப்பட்டது.

இந்தப் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது. டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் மட்டும் திரையில் ஒன்று கிடைக்கும். ஆகவே பின்னங்கள், சதவீதங்கள், வர்க்கங்கள், பகாக் காரணிகள் ஆகியவை கைப்பழக்கமாக வேண்டும். 21 கேள்விகளுக்கு 45 நிமிடங்கள் என்றால் கேள்விக்கு இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேல். நீளமாகப் பெருக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், பெரும்பாலும் குறுக்கு வழி ஒன்றைக் கவனிக்கத் தவறியிருக்கிறீர்கள்.

டேட்டா சஃபிஷியன்சி கேள்விகள் எனக்குப் புரியவே இல்லை. அவற்றை எப்படி அணுகுவது?

குழப்பம் வருவது இயல்பே. பள்ளி நாள் முதல் கணக்கின் விடையைக் கண்டுபிடிக்கவே பழகிய நமக்கு, விடையைக் கண்டுபிடிக்கத் தேவையான தகவல் இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் கேள்வி புதிது. ஒரு கேள்வியும் இரண்டு கூற்றுகளும் தரப்படும். முதல் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, ஒவ்வொன்றும் தனித்தனியே போதுமா, இரண்டும் சேர்ந்தும் போதாதா என்ற ஐந்தில் ஒன்றே விடை. இந்த ஐந்தும் எல்லாக் கேள்விகளுக்கும் பொது என்பதால் அவற்றை மனத்தில் பதித்துவிடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. "ஒரு முழு எண் 6ஆல் வகுபடுமா?" என்பது கேள்வி. முதல் கூற்று: அந்த எண் 3ஆல் வகுபடும். 9உம் 3ஆல் வகுபடும், 12உம் வகுபடும்; முன்னது 6ஆல் வகுபடாது, பின்னது வகுபடும். எனவே போதாது. இரண்டாம் கூற்று: அந்த எண் 4ஆல் வகுபடும். 8ஐயும் 12ஐயும் வைத்துப் பாருங்கள், இதுவும் போதாது. இரண்டையும் சேர்த்தால் எண் 12ஆல் வகுபட்டாக வேண்டும். ஆகவே 6ஆல் வகுபடும். இரண்டும் சேர்ந்தால்தான் போதும் என்பது விடை.

இங்கே இரண்டு பொறிகளைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, "இல்லை" என்று உறுதியாகச் சொல்ல முடிந்தாலும் தகவல் போதுமானதே. "எண் இரட்டைப்படையா?" என்று கேட்டு, "அதனுடன் 1 கூட்டினால் இரட்டைப்படை" என்று கூற்று தந்தால், எண் ஒற்றைப்படை என்பது உறுதி; கூற்று போதும். விடை "இல்லை" என்று வந்ததால் போதாது என்று குறிப்பவர்கள் தொடக்கத்தில் மிகப் பலர்.

இரண்டாவது, "இரண்டு தெரியாத எண்கள், ஒரே சமன்பாடு, எனவே போதாது" என்ற பள்ளிக்கூட விதி. தோசை 40 ரூபாய், வடை 15 ரூபாய்; ஒருவர் இரண்டும் வாங்கி மொத்தம் 125 ரூபாய் கொடுத்தார். எத்தனை வடை வாங்கினார்? சமன்பாடு ஒன்றுதான். ஆனால் ஒரு தோசை என்றால் மீதி 85 ரூபாய், அது 15ஆல் மீதியின்றி வகுபடாது. மூன்று தோசை என்றால் மீதி 5 ரூபாய்தான், ஒரு வடைக்குக்கூடப் போதாது. இரண்டு தோசை, மூன்று வடை என்ற ஒரே வழிதான் பொருந்துகிறது. தோசையையும் வடையையும் அரையும் காலுமாக வாங்க முடியாது என்ற, கேள்வியில் எழுதப்படாத நிபந்தனையே விடையைத் தருகிறது. இத்தகைய கேள்விகளில் எண்களை வைத்துப் பார்க்காமல் விதியைச் சொல்லி நகர்ந்துவிடாதீர்கள்.

தமிழ் வழியில் படித்தேன். வெர்பல் பகுதியில் தேற முடியுமா?

முடியும். இப்போதைய வடிவத்தில் ஆங்கில இலக்கண விதிகளை நேரடியாகக் கேட்கும் கேள்விகளே இல்லை. வாசித்துப் புரிந்துகொள்ளுதல், கிரிட்டிக்கல் ரீசனிங் எனப்படும் வாதப் பரிசோதனை ஆகிய இரண்டு மட்டுமே. அரிய சொற்களின் பொருளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தேவைப்படுவது, நீண்ட ஆங்கில வாக்கியத்தைச் சோர்வின்றிப் படித்து, ஆசிரியர் என்ன சொல்கிறார், எதை ஏற்கிறார், எதை மறுக்கிறார் என்று பிரித்தறியும் பொறுமை. நாள்தோறும் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் பொருளாதாரம், உயிரியல், வரலாறு ஆகியவை பற்றிய கனமான கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொரு பத்தியின் சாரத்தையும் ஒரே வரியில் தமிழிலேயே எழுதிப் பாருங்கள். தமிழில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஆங்கிலத்தில் எழுதினால் கட்டுரையின் சொற்களையே திருப்பி எழுதிவிட்டுப் புரிந்ததாக நம்பிவிடுகிறோம், தமிழில் எழுத வேண்டுமானால் உண்மையிலேயே புரிந்திருக்க வேண்டும்.

வாதப் பரிசோதனைக்கு ஒரு சிறு மாதிரி. "ஒரு நகரத்தில் பேருந்துக் கட்டணத்தைக் குறைத்தார்கள், அடுத்த மாதமே பயணிகள் பெருகினார்கள், எனவே கட்டணக் குறைப்புதான் காரணம்." இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது? அதே மாதத்தில் தண்டவாளப் பணிக்காக அந்நகரின் புறநகர் ரயில் நிறுத்தப்பட்டிருந்தது என்ற செய்தி. ஒன்றையடுத்து மற்றொன்று நிகழ்ந்ததாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. "பேருந்துகள் தூய்மையாக இருந்தன" என்றோ "பயணிகள் கட்டணக் குறைப்பை வரவேற்றார்கள்" என்றோ வரும் விடைகள் ஈர்ப்பாகத் தோன்றும். வாதத்தின் இணைப்பை அவை அசைப்பதில்லை. விடைகளைப் படிப்பதற்கு முன்பே, முடிவு எது, அதற்குத் தரப்பட்ட ஆதாரம் எது, இடையில் சொல்லாமல் விட்ட எண்ணம் எது என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் இக்கேள்விகளில் பாதி வேலை முடிந்தது.

எத்தனை மாதங்கள் படிக்க வேண்டும்?

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு மூன்று முதல் நான்கு மாதங்கள் போதும் என்று கருதுகிறேன். வேலை நாள்களில் ஒன்றரை மணி நேரம், சனி, ஞாயிறுகளில் நான்கு மணி நேரம். முடிந்தால் அந்த ஒன்றரை மணி நேரத்தை அலுவலகம் செல்வதற்கு முன் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் வாதப் பரிசோதனைக் கேள்விகளைப் படித்தால் கண் படிக்கும், மனம் படிக்காது. ஆறு மாதத்துக்கு மேல் நீட்டினால் முதலில் படித்தது மறக்கத் தொடங்கும்.

தவறுகளைக் குறித்து வைக்கும் ஏடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் என்ன எழுதுவது?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் பின்பற்றுவீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை என்ன என்பதை எழுதாதீர்கள். அது புத்தகத்திலேயே இருக்கிறது. நீங்கள் குறித்த தவறான விடை அந்த நேரத்தில் ஏன் சரியாகத் தோன்றியது என்பதை எழுதுங்கள். "கவனக்குறைவு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எதற்கும் உதவாது. "கேட்டது ஆண்களின் எண்ணிக்கை, நான் மொத்த எண்ணிக்கையைக் கண்டதும் நிறுத்திவிட்டேன்" என்று எழுதினால், அடுத்த முறை கை தானாகவே கேள்வியின் கடைசி வரிக்குப் போகும்.

சரியாக விடையளித்த கேள்விகளிலும் இரண்டு வகைகளை ஏட்டில் சேர்க்க வேண்டும்: ஊகித்துக் குறித்து அதிர்ஷ்டத்தால் சரியானவை, மூன்று நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டவை. என் முதல் முயற்சியில் இவற்றை வெற்றிக் கணக்கில் சேர்த்து ஏமாந்தேன். அந்தக் கேள்விகளை விடையைப் பார்க்காமல் பத்து நாள் கழித்து மீண்டும் போட்டபோது, பாதிக்கு மேல் தவறின.

வாரத்துக்கு ஒருமுறை ஏட்டை முதலிலிருந்து படியுங்கள். மூன்றாம் வாரத்துக்குள் ஒரே மாதிரியான தவறுகள் மூன்று, நான்கு திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஒருவருக்கு எதிர்மறை எண்கள். இன்னொருவருக்கு வாதத்தின் முடிவையும் ஆதாரத்தையும் மாற்றிப் புரிந்துகொள்வது. உங்கள் பாடத்திட்டம் அதுதான்.

மாதிரித் தேர்வுகளை எப்போது எழுதுவது?

ஜிமேக் தன் தளத்தில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. மேலும் சிலவற்றைக் கட்டணத்துக்குத் தருகிறது. உண்மைத் தேர்வுக்கு மிக நெருக்கமானவை இவையே என்பதால் அவற்றை வீணாக்காதீர்கள். படிப்பைத் தொடங்கும்போது ஒன்று, நிலையை அறிய; மற்றவை கடைசி ஐந்து வாரங்களில் வாரத்துக்கு ஒன்று. உண்மைத் தேர்வுக்கு எந்த நேரம் பதிவு செய்திருக்கிறீர்களோ அதே நேரத்தில், கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு எழுதுங்கள். தேர்வு எழுத எடுத்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு நேரத்தை அதை ஆராய்வதற்கு ஒதுக்குங்கள். நாள்தோறும் ஒரு மாதிரித் தேர்வு எழுதுவது, காய்ச்சல் குறைய வேண்டும் என்று மணிக்கொரு முறை வெப்பமானியை வைத்துப் பார்ப்பதற்கு ஒப்பானது.

பயிற்சி வகுப்பில் சேர வேண்டுமா?

தனியாக உட்கார்ந்து படிக்கும் ஒழுங்கு இருப்பவர்களுக்கு அவசியமில்லை. சேர்வதாக இருந்தால், புதிய வடிவத்துக்கு ஏற்ற பாடங்கள் இருக்கின்றனவா, உங்கள் தவறுகளைத் தனியாகப் பார்த்துச் சொல்ல ஆசிரியருக்கு நேரம் இருக்கிறதா என்ற இரண்டையும் பணம் கட்டும் முன் கேளுங்கள்.

விடையை மாற்றும் வசதியை எப்படிப் பயன்படுத்துவது?

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நேரம் மீதமிருந்தால், விரும்பும் கேள்விகளைத் திரும்பப் பார்த்து, அதிகபட்சம் 3 விடைகளை மாற்றலாம். சந்தேகமான கேள்விகளைக் குறியிட்டு வைக்கவும் வசதி உண்டு. இரண்டரை நிமிடங்களில் வழி புலப்படாத கேள்வியில், இருப்பதில் பொருத்தமான விடையைக் குறித்து, குறியிட்டு நகர்ந்துவிடலாம் என்ற துணிவை இந்த வசதி தருகிறது. அதன் உண்மையான பயன் அதுவே. டேட்டா இன்சைட்ஸ் பகுதியில், ஒரே கேள்விக்குள் இரண்டு, மூன்று உள்கேள்விகள் இருந்தால் எல்லாவற்றையும் சரியாகச் செய்தால்தான் மதிப்பெண். பாதிக்குப் பாதி கிடையாது. இழுத்தடிக்கும் அத்தகைய கேள்விகள் ஒன்றிரண்டை விட்டுக்கொடுப்பதில் தவறில்லை.

பதிவு செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பெயரை. இந்தியாவில் எழுதுபவர்களுக்குக் கடவுச்சீட்டுதான் அடையாள ஆவணம். அதில் உள்ளபடியே பதிவிலும் பெயர் இருக்க வேண்டும். நம்மில் பலருக்குப் பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்தும், கடவுச்சீட்டில் விரித்தெழுதிய தந்தை பெயரும் இருக்கும். பதிவில் தலைப்பெழுத்தைப் போட்டுவிட்டால் தேர்வு நாளன்று வாசலிலேயே சிக்கல் வரும். கடவுச்சீட்டு இல்லாதவர்கள், அது கைக்கு வந்த பிறகே தேர்வு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டிலிருந்தே இணையவழியில் எழுதவும் வழி உண்டு. தனி அறை, தடையற்ற மின்சாரம், நிலையான இணையம் ஆகிய மூன்றும் உறுதி என்றால் மட்டும் அதை எண்ணுங்கள். கூட்டுக் குடும்பத்தில், யாரேனும் கதவைத் திறந்துவிடுவார்களோ என்ற கவலையோடு எழுதுவதைவிடத் தேர்வு மையத்துக்குப் போவது நல்லது.

மதிப்பெண் குறைந்துவிட்டால்?

16 நாள்கள் கழித்து மீண்டும் எழுதலாம். 12 மாதங்களுக்குள் 5 முறை வரை அனுமதி உண்டு. நீங்கள் அனுப்பும் மதிப்பெண்ணை மட்டுமே கல்வி நிறுவனம் பார்க்கும் என்பதால், குறைந்த மதிப்பெண்ணை நினைத்து அஞ்ச வேண்டாம். மையத்தில் எழுதியவர்கள், அதிகாரப்பூர்வ மதிப்பெண் வந்த 48 மணி நேரத்துக்குள் 5 நிறுவனங்களுக்குக் கட்டணமின்றி அனுப்பலாம்.

ஆனால் 16ஆம் நாளே மீண்டும் எழுத ஓடாதீர்கள். மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து எடுத்த மதிப்பெண்ணைவிட உண்மைத் தேர்வில் மட்டும் மிகவும் குறைந்திருந்தால், தூக்கமின்மை, பதற்றம், நேரப் பங்கீடு போன்றவை காரணமாக இருக்கலாம். அப்போது விரைவில் மீண்டும் எழுதுவதில் பொருள் உண்டு. மாதிரித் தேர்வுகளிலும் அதே மதிப்பெண்தான் வந்துகொண்டிருந்தது என்றால், குறைந்தது ஆறு வாரம் ஏட்டோடு உட்கார்ந்து, திரும்பத் திரும்ப வரும் அந்த மூன்று, நான்கு தவறுகள் குறைந்திருப்பதை இரண்டு மாதிரித் தேர்வுகளில் கண்ட பிறகு புதிய தேதிக்குப் பணம் கட்டுங்கள்.